பத்தாவது முடித்த பிள்ளையோடு ஒரு பழைய பத்மினி கார்: வாங்குவதிலிருந்து சாலைக்கு வரும் வரை முழுமையான வழிகாட்டி

பழைய கார் ஒன்றை வாங்கிப் பிள்ளையோடு சேர்ந்து சரிசெய்வது என்று வீட்டில் முடிவானால், அடுத்த நிமிடமே பேச்சு எந்த கார், என்ன விலை என்று போய்விடுகிறது. அதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இந்த வேலையில் பிள்ளையின் பங்கு என்ன? ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதும் டார்ச் பிடிப்பதும் மட்டும்தான் என்றால், சில வாரங்களில் அந்தப் பிள்ளை வாசலுக்கே வராது. அதில் தப்பும் இல்லை. காரின் ஏதாவது ஒரு பகுதி முழுக்க அவர்கள் பொறுப்பில் இருக்க வேண்டும். அதில் என்ன பாகம் வாங்குவது, எந்தக் கடையில் வாங்குவது, எப்போது கழற்றுவது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். அப்பாவோ அம்மாவோ அந்தப் பகுதியில் கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இக்னிஷனும் (எஞ்சினில் தீப்பொறி உண்டாக்கும் பகுதி) கணக்கு நோட்டும் மகளுடையவை. பிரேக் என்னுடையது. கீழே சொல்வதெல்லாம் இந்தப் பிரிவினையை மனதில் வைத்துத்தான்.

தொடங்குவதற்கு முன்

நல்ல நேரம், பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடை. பிளஸ் டூவில் காரைத் தொட நேரம் இருக்காது. அதனால் முதல் கோடையும் பதினொன்றாம் வகுப்பின் ஞாயிற்றுக்கிழமைகளும்தான் கையில் இருப்பவை. இதற்குள் முடிக்க வேண்டுமென்றால், ஓடுகிற காராக வாங்குவதே அறிவு. நட்டு போல்ட்டு வரை பிரித்துப் போட்டு மீண்டும் சேர்ப்பது நமக்கு வேண்டாம். அப்படிப் பிரித்த கார்கள் தார்ப்பாயின் கீழ் ஆண்டுக்கணக்கில் கிடப்பதை எந்த ஊரிலும் பார்க்கலாம். காரை நடமாட வைத்துக்கொண்டே ஒவ்வொரு பகுதியாகச் சரிசெய்தால், ஒவ்வொரு மாதமும் பிள்ளையின் கண்ணுக்கு ஒரு முன்னேற்றம் தெரியும்.

பணத்தைப் பொறுத்தவரை என் கருத்து இது: காருக்கு எவ்வளவு கொடுக்கிறீர்களோ, குறைந்தது அதே அளவு வேலைக்கு எடுத்து வையுங்கள். அதில் கால் பங்கைக் கடைசி வரை தொடாதீர்கள்; அடியில் ஒளிந்திருக்கும் துருவுக்கு அது வேண்டியிருக்கும். இந்தக் கணக்கு முழுவதையும் பிள்ளை எழுதட்டும். ஒரு வீல் சிலிண்டர் என்ன விலை, லேத் பட்டறையில் என்ன கூலி என்று தானே எழுதிப் பார்த்த பிள்ளை, புது அலாய் வீல் வேண்டும் என்று கேட்பதற்கு முன் ஒரு முறை யோசிக்கும்.

இடம் என்று பார்த்தால், கூரையும் சமதளமான சிமென்ட் தரையும் போதும். மண் தரையில் ஜாக்கி போடக் கூடாது. அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் சங்கத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. கிரைண்டர் சத்தமும் பெட்ரோல் வாடையும் அண்டை வீட்டாருக்குத் தொந்தரவுதான்.

எந்த கார்?

தமிழ்நாட்டில் இருப்பவருக்கு நான் சொல்வது பெட்ரோல் பிரீமியர் பத்மினி. இத்தாலியின் ஃபியட் 1100 காரை பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் உரிமம் பெற்றுத் தயாரித்தது. 1960களில் ஃபியட் 1100 என்ற பெயரிலேயே வந்தது. 1974 முதல் பிரீமியர் பத்மினி. நான்கு சிலிண்டர், 1089 சி.சி., ஏறத்தாழ 40 குதிரைத்திறன், 900 கிலோவை ஒட்டிய எடை. எஞ்சினைச் சுற்றிக் கை நுழைய இடம் இருக்கிறது. கம்ப்யூட்டர் கிடையாது. கார்புரேட்டர், பாயிண்ட் (தீப்பொறிக்கான மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் சின்ன சுவிட்ச்), காயில், டிஸ்ட்ரிபியூட்டர் (பொறியை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்து அனுப்புவது) எல்லாம் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடியவை. பதினாறு வயதுப் பிள்ளை இயற்பியல் புத்தகத்தில் படிக்கும் மின்தூண்டல் இங்கே கையில் ஷாக்காக அடிக்கும்.

உதிரிபாகம் கிடைப்பது இன்னொரு காரணம். மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சியாக 2023 அக்டோபர் வரை இந்த கார் ஓடியது. அத்தனை டாக்சிகளுக்குப் பாகம் செய்து பழகிய சந்தை ஒரே நாளில் காணாமல் போய்விடாது. சென்னையில் ஜி.பி. ரோட்டில் புதுசும், புதுப்பேட்டையில் பழசும் தேடலாம். அப்புறம், பழைய இந்திய கார்களைப் பிரித்தால் சென்னைக் கம்பெனிகளின் பெயர்கள் வரிசையாக வரும்: லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, இந்தியா பிஸ்டன்ஸ். பாடி, செம்பியம் பக்கம் வளர்ந்த பிள்ளைக்கு, தான் தினமும் தாண்டிப் போகும் மதிலுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது அப்போதுதான் தெரியவரும்.

அம்பாசடர் வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால் மறுக்காதீர்கள். உத்தர்பாராவில் 2014 வரை தயாரான கார், பாகத்துக்குக் குறைவில்லை. ஆனால் எல்லாமே கனம். பெட்ரோல் 1489 சி.சி. எஞ்சினை இறக்க செயின் பிளாக் வேண்டும், தெரிந்த ஆளும் வேண்டும். டீசல் வண்டியை முதல் காராக எடுக்க வேண்டாம். அவற்றில் பல, வாடகைக்கு ஓடித் தேய்ந்தவை.

என் மனதுக்கு நெருக்கமானது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னைக்கு அருகே வண்டலூரில், 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் செய்த 948 சி.சி. கார். பானட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். சேசிஸ் (அடிச்சட்டம்) தனி, பாடி தனி. கற்றுக்கொள்ள இதைவிட நல்ல அமைப்பு கிடையாது. ஆனால் உள்ளூரில் பாகம் கிடைப்பது கடினம். இங்கிலாந்திலிருந்து டிரயம்ஃப் ஹெரால்டு பாகங்களை வரவழைக்க வேண்டியிருக்கும். நேரமும் பணமும் தாராளமாக இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

தேர்ந்தெடுக்கும் முன் இந்த கார்களை நேரில் பார்த்துவிடுங்கள். கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் ஜி.டி. கார் அருங்காட்சியகம் இருக்கிறது. சென்னையில் மெட்ராஸ் ஹெரிட்டேஜ் மோட்டாரிங் கிளப் நடத்தும் கண்காட்சிக்குப் போனால், காரின் சொந்தக்காரர்கள் பக்கத்திலேயே நிற்பார்கள். பிள்ளை கேட்கும் கேள்விக்கு மணிக்கணக்கில் பதில் சொல்லக்கூடியவர்கள். கேள்விகளை முன்பே எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

பார்க்கப் போகும்போது: துருவும் தாளும்

எஞ்சின் புகைத்தால் சரிசெய்துவிடலாம். பெயின்ட் மங்கியிருந்தால் கவலையே இல்லை. வாங்கக் கூடாத கார் இரண்டே வகை. ஒன்று அடிப்பகுதி அரித்துப்போனது, மற்றது தாள் சரியில்லாதது.

பத்மினிக்குத் தனி சேசிஸ் கிடையாது. பாடியே சேசிஸ். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற பகுதிதான் காரின் முதுகெலும்பு. அது அரித்திருந்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, நான்கு கதவுகளையும் மெதுவாகத் திறந்து மூடிப் பார்ப்பது. கதவு கீழிறங்கி உரசினால், அல்லது இடைவெளி மேலே ஒரு மாதிரியும் கீழே ஒரு மாதிரியும் இருந்தால், கீல் தேய்ந்திருக்கலாம். அடி தொய்ந்தும் இருக்கலாம். கதவைக் கொஞ்சம் திறந்து நுனியைப் பிடித்துத் தூக்குங்கள். கீலில் ஆட்டம் இருந்தால் அங்கேயே தெரியும். ஆட்டமே இல்லாமல் இடைவெளி மட்டும் கோணலாக இருந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

அப்புறம் மிதியடியைத் தூக்கித் தரையைப் பாருங்கள். பேட்டரி உட்காரும் தட்டு, டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில், பின்பட்டை (லீஃப் ஸ்பிரிங்) பாடியோடு சேரும் இடம், கண்ணாடி பீடிங்கின் கீழ் ஓரம், கதவுகளின் அடிவிளிம்பு: தண்ணீர் தங்கும் இடமெல்லாம் துரு தங்கும் இடம். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்து, காரைச் சுற்றி மெதுவாக நகர்த்தச் சொல்லுங்கள். காந்தம் பிடிக்காத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் (பள்ளத்தையும் ஓட்டையையும் மறைக்கப் பூசும் பசை) இருக்கிறது. அதை ஒரு தாளில் காரின் படம் வரைந்து குறித்துக்கொள்ளட்டும். விலை பேசும்போது அந்தப் படம் உங்களுக்காகப் பேசும்.

கடலோர ஊர்களில் ஓடிய காரைவிட, சேலம், ஈரோடு, மதுரைப் பக்கம் ஓடிய காருக்கு முதலிடம் கொடுங்கள். உப்புக் காற்று தகட்டை உள்ளிருந்து தின்னும்.

விற்பவரிடம் ஒரு நாள் முன்பே, நாங்கள் வரும் வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மையைச் சொல்லும். ஸ்டார்ட் ஆனதும் சற்று நேரம் நீலப் புகை வந்து நின்றால் வால்வு வழியாக ஆயில் இறங்குகிறது. ஓடும்போதும் விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கின்றன. ஆயில் மூடியின் அடியில் பால் போன்ற நுரை இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள். ஸ்டீரிங்கோடு இருக்கும் கியர் லீவரைப் போட்டுப் பாருங்கள். கியர் தேடித் திணற வேண்டியிருந்தால் பெரும்பாலும் இணைப்புக் கம்பிகளின் புஷ் தேய்ந்ததுதான் காரணம். அது சின்ன வேலை. அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம்.

இனி தாள். ஆர்.சி. புக்கில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் காரில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப்போக வேண்டும். எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். தனியார் காரின் பதிவு முதலில் 15 ஆண்டுகளுக்கு. அதன் பிறகு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை தகுதிச் சோதனை செய்து புதுப்பிக்க வேண்டும். கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், பசுமை வரி கட்டியிருக்கிறதா, பழைய வங்கிக் கடன் அடைந்து அந்தக் குறிப்பு ஆர்.சி.யிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். உரிமையாளர் இறந்துவிட்டார் என்றால், வாரிசுகள் எல்லோருடைய ஒப்புதலும் இல்லாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். எம்.டி., டி.எம். என்று தொடங்கும் பழைய எண் வண்டிகளின் விவரம் இன்னும் கணினியில் ஏறாமல் இருக்கக்கூடும். அப்படியானால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பழைய பதிவேட்டைப் பார்த்து ஏற்ற வேண்டும். அதற்குச் சம்மதித்துத் தானும் கூட வரும் விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள். பதிவு ரத்தான காரை எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த, அசல் வடிவம் மாறாத கார் என்றால் வேறு ஒரு வழியும் இருக்கிறது. 2021இல் வந்த மத்திய விதிப்படி அதை வின்டேஜ் வாகனமாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஏற்கெனவே பதிவான காருக்குப் பழைய எண்ணே தொடரும். புதிதாகப் பதிவதற்கு எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். ஆனால் அந்த காரைத் தினசரிப் பயணத்துக்கு எடுக்க முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டுமே அனுமதி. பிள்ளையோடு ஓட்டி மகிழத்தானே வாங்குகிறோம். அதனால் 80களின் பத்மினியை வாங்கிச் சாதாரணப் பதிவிலேயே வைத்துக்கொள்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

வீட்டுக்கு வந்ததும்

எதையும் கழற்றாதீர்கள். முதலில் காரை நன்றாகக் கழுவி, சுற்றிலும், அடியிலும், பானட்டுக்குள்ளும் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஒயரும் எங்கிருந்து எங்கே போகிறது, ஒவ்வொரு கிளிப்பும் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது படத்தில் இருக்க வேண்டும். ஜிப் கவர்களும் மார்க்கர் பேனாவும் வாங்கி வையுங்கள். கழற்றும் ஒவ்வொரு போல்ட்டும் தன் பெயரோடு ஒரு கவருக்குள் போக வேண்டும். இந்த ஒழுங்கைப் பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டு நீங்களும் அதற்குக் கட்டுப்படுங்கள். பெயர் எழுதாமல் நான் மேஜையில் வைக்கும் போல்ட்டை என் மகள் திருப்பிக் கொண்டுவந்து என் கையிலேயே கொடுத்துவிடுவாள். அதுதான் சரி.

பாதுகாப்பில் மட்டும் பேரம் கிடையாது. ஜாக்கியில் நிற்கும் காரின் அடியில் யாரும் போகக் கூடாது. இரும்பு ஸ்டாண்டு வைத்து, காரை ஆட்டிப் பார்த்த பிறகுதான் போக வேண்டும். ஒயரிங் தொடும் முன் பேட்டரியின் எர்த் ஒயரை முதலில் கழற்ற வேண்டும். பெட்ரோல் டேங்கை வீட்டில் வெல்டு செய்யவே கூடாது. காலி டேங்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும். பழைய பிரேக் ஷூவிலும் கிளட்ச் பிளேட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாமல், முகக்கவசம் போட்டு, ஈரத்துணியால் துடைத்துத் துணியைக் கட்டிப் போட்டுவிடுங்கள்.

முதல் வேலை பிரேக்

எஞ்சினை ஓட வைக்க ஆசை துடிக்கும். ஆனால் நிற்கத் தெரியாத காரை ஓட வைத்து என்ன பயன்? பத்மினியில் நான்கு சக்கரமும் டிரம் பிரேக். பழைய மாடல்களில் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஒரே இணைப்பில் நான்கு சக்கரத்துக்கும் ஆயில் போகிறது. ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் போய்விடும். கைப்பிரேக் மட்டும்தான் மிஞ்சும். அதனால் இதில் பாதி வேலை என்பதே இல்லை. மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கிட், நான்கு சக்கரத்தின் வீல் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ்கள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். இரும்புக் குழாயில் துருப்பொட்டு இருந்தால் அதையும் மாற்றுங்கள். டிரம்மின் உட்புறம் வரி விழுந்திருந்தால் லேத்தில் கொடுத்துச் சமன் செய்யலாம். குறிப்பிட்ட அளவுக்கு மேல் கடைந்துவிட்ட டிரம்மை எறிந்துவிட வேண்டும்.

எல்லாம் பூட்டியதும், பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை எடுக்கும் வேலை. இது இருவர் இல்லாமல் நடக்காது. மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள். நிப்பிளில் (வீல் சிலிண்டரில் காற்றை வெளியேற்றத் திறக்கும் சிறு திருகு) ஒரு டியூபைச் செருகி, அதன் மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் உள்ள கண்ணாடி பாட்டிலில் மூழ்க விடுங்கள். உள்ளே இருப்பவர் பெடலை மெதுவாக மிதித்து "மிதிச்சாச்சு" என்று சொல்ல, வெளியே இருப்பவர் நிப்பிளைத் திறக்க, குமிழி வெளியேறும். மூடிய பிறகுதான் பெடலிலிருந்து காலை எடுக்க வேண்டும். குமிழி நின்று ஆயில் மட்டும் வரும் வரை இதையே செய்து, ஒவ்வொரு சக்கரமாக அருகில் வாருங்கள். இடையிடையே மாஸ்டர் சிலிண்டரின் டப்பாவில் ஆயில் குறையாமல் பாருங்கள். பாதி வேலைக்குப் பிறகு இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். பிள்ளை நிப்பிளிலும் நீங்கள் பெடலிலும். ஒருவர் குரலை ஒருவர் நம்பித்தான் இந்த வேலை நடக்கிறது. பேசவே மாட்டேன் என்கிற வயதுப் பிள்ளையோடும் இதில் பேசாமல் இருக்க முடியாது. பிரேக் ஆயில் பெயின்ட்டை உரித்துவிடும், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

எஞ்சின்: பிரிக்கும் முன் கேளுங்கள்

எஞ்சினைப் பிரிக்க வேண்டுமா என்பதை ஒரு கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் உள்ள அழுத்தத்தை அளக்கும் கருவி) சொல்லிவிடும். எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, காயில் ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தியபடி செல்ஃப் அடிக்க வேண்டும். நான்கு சிலிண்டரின் எண்களையும் பிள்ளை குறித்துக்கொள்ளட்டும். 120 பி.எஸ்.ஐ.க்கு மேலும், நான்கும் பத்து விழுக்காடு வித்தியாசத்துக்குள்ளும் இருந்தால் இந்த எஞ்சினைத் தொட வேண்டாம். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயிலை விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வோ கேஸ்கட்டோ. ஒரு ஸ்பூன் ஆயிலில் நோயைக் கண்டுபிடிக்கும் இந்தச் சோதனையை முதல் முறை செய்யும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். போரிங் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) தேவைப்பட்டால் நல்ல லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். பிஸ்டனைக் கையில் வாங்கி அளந்த பிறகுதான் போர் செய்ய வேண்டும், முன்பே அல்ல.

இனி இக்னிஷன். இதைப் பிள்ளைக்குக் கொடுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம், விலை குறைவு, ஆபத்து குறைவு, பலன் உடனே தெரியும் என்பதே. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால் பாயிண்ட் தெரியும். முனைகள் கருகியிருந்தால் புதுசு போடுங்கள், கண்டென்சரையும் சேர்த்து. டிஸ்ட்ரிபியூட்டரின் நடுவில் சுழலும் கேமின் மேடு பாயிண்ட்டை அதிகம் திறக்கும் இடத்துக்கு எஞ்சினைக் கையால் திருப்பிக் கொண்டுவந்து, ஃபீலர் கேஜை நுழைத்து இடைவெளி பாருங்கள். 0.4 முதல் 0.5 மி.மீ.க்குள் இருக்க வேண்டும்.

அடுத்தது டைமிங், அதாவது பொறி சரியான கணத்தில் விழ வைப்பது. 12 வோல்ட் பல்பு ஒன்றின் ஒரு ஒயரை டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டு முனையிலும், மற்றதை எர்த்திலும் மாட்டுங்கள். முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் இருக்கும்படி எஞ்சினை டைமிங் குறிக்கு நேராக நிறுத்தி, சாவியை ஆன் செய்யுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் பிடியைத் தளர்த்தி, ரோட்டார் சுற்றும் திசைக்கு எதிராக மெதுவாகத் திருப்பினால், பாயிண்ட் திறக்கும் அந்தக் கணத்தில் பல்பு எரியும். அங்கேயே இறுக்கிவிடுங்கள். பிளக் ஒயர்களை 1-3-4-2 வரிசையில் மாட்டினால் எஞ்சின் எழுந்துவிடும். எங்கள் தெரு மெக்கானிக், மகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்தபோது இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "நீயே வை பாப்பா, நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்" என்றார். கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது. உங்கள் ஊரிலும் பழைய ஃபியட் மெக்கானிக் ஒருவர் இருப்பார். அவரைத் தேடிப் பிடிப்பது காரைத் தேடுவதைவிட முக்கியம். அவருடைய நேரத்துக்கு உரிய கூலியைக் கொடுத்துவிடுங்கள்.

கார்புரேட்டரைச் சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாள் விரித்துப் பிரிக்கலாம். ஜெட் துளைகளைக் கம்பியால் குத்தாமல் காற்றால் மட்டும் ஊதுங்கள். கம்பி துளையைப் பெரிதாக்கிவிடும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்பின் டயஃப்ரமும் அதில் ஊறி இளகிவிடும். எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றிவிடுங்கள். காரை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கை அப்படியே விடாதீர்கள்; எத்தனால் ஈரத்தை இழுத்து, தண்ணீர் அடியில் தங்கிவிடும்.

பாடி, பெயின்ட், மற்றவை

துருவுக்கு மேல் பட்டி பூசுவது அடுத்த மழைக்காலம் வரைதான் தாங்கும். அரித்த தகட்டை வெட்டியெடுத்து, நல்ல தகடு வைத்து வெல்டு செய்யும் டிங்கரைத் தேடுங்கள். கதவுக்குக் கீழ்ப்பகுதியை வெட்டுவதாக இருந்தால், முதலில் கதவு இடைவெளியில் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துப் பற்றவைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வெட்டிய நொடியில் கார் தொய்ந்து, கதவு மறுபடி சேரவே சேராது. டிங்கர் இதைச் செய்யாமல் கத்தரி எடுத்தால் நிறுத்தச் சொல்லுங்கள். மேல்துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பது, துரு நீக்கி தடவுவது, எபாக்சி பிரைமர் பூசுவது ஆகியவற்றைக் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு பிள்ளை செய்யலாம். கடைசி பெயின்ட்டை வீட்டில் அடிக்க வேண்டாம். இப்போதைய இரண்டு கலவை பெயின்ட்டின் ஆவி நுரையீரலுக்குக் கெடுதல். சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பெயின்ட் அடித்தால் பளபளப்பு மங்கும். மாசிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். நிறம் எது என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும், உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும். அசல் நிறத்திலிருந்து மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

ஒயரிங்கில் துணி சுற்றிய பழைய ஒயர் தெரிந்தால் முழுவதையும் மாற்றிவிடுங்கள். ஒட்டுப்போட்ட ஒயரிங் பழைய கார்களில் தீப்பிடிக்க ஒரு காரணம். சீட்டும் குரோமும் கடைசி. நல்ல குஷன் கடை சீட்டை விரைவில் முடித்துக் கொடுத்துவிடும். பெல்ட் இல்லாத காரில் மூன்று முனை சீட் பெல்ட் போடுங்கள். போல்ட் போகும் இடத்தில் தகட்டுக்குப் பின்னால் கனமான பிளேட் வைத்து வெல்டு செய்ய வேண்டும்.

சாலைக்கு

பெயர் மாற்றமும் பதிவுப் புதுப்பிப்பும் முடிந்து, குறைந்தது மூன்றாம் நபர் காப்பீடாவது எடுத்த பிறகே காரை வெளியே எடுங்கள். புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. பிறகும் பழைய வண்டிகளுக்கு உயர்ந்திருக்கிறது. கட்டும் முன் அப்போதைய தொகையை மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் பாருங்கள்.

எஞ்சின் போரிங் செய்திருந்தால் முதல் 500 கிலோமீட்டரை அவசரமில்லாமல் ஓட்டி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக டார்க் ரெஞ்சால் மீண்டும் சரிபார்க்க வேண்டும். ஊருக்குப் போகும் முதல் பயணத்தில் ஃபேன் பெல்ட், பாயிண்ட், கண்டென்சர், பிளக், இரண்டு லிட்டர் தண்ணீர் எல்லாம் டிக்கியில் இருக்கட்டும். டூல் பாக்ஸை அடுக்குவது பிள்ளையின் பொறுப்பு.

இவ்வளவு உழைத்த பிள்ளை, தெருமுனை வரை ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன் என்று கேட்கும். அப்போது உறுதியாக மறுத்துவிடுங்கள். காருக்குப் பழகுநர் உரிமமே 18 வயதில்தான். அதற்கு முன் ஓட்டிப் பிடிபட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். காரின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. இந்த விவரத்தை கார் வாங்கும் அன்றே சொல்லிவிட்டால் பின்னால் மனவருத்தம் இருக்காது. 18 நிரம்பியதும் பழகுநர் உரிமம் எடுத்துக் கொடுத்து, காலி மைதானத்தில் ஸ்டீரிங் கியரையும் கிளட்ச்சையும் பழக்குங்கள். பாயிண்ட் இடைவெளி வைத்த அதே பிள்ளைக்கு, எஞ்சின் திணறும்போது எந்த கியருக்கு இறங்க வேண்டும் என்பது காதிலேயே தெரிந்திருக்கும்.